பெயர் போடாமல் நான் எழுதியது

ஓக்லி கிரீக், ஜார்ஜியா
பிப்ரவரி 19, வியாழக்கிழமை

அன்பு மகள் டேவியாவுக்கு அம்மா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையில் நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். நீ சுகமா என்று வழக்கம்போல அடுத்த வரியில் கேட்டிருப்பேன், இந்தத் தடவை கேட்கக் கூச்சமாக இருக்கிறது, உன் சுகத்தைக் கெடுத்தவளே நானாக இருக்கும்போது என்ன என்று கேட்பது. அங்கே முழங்கால் அளவு பனி என்று டிவியில் காட்டினார்கள், கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி சேர்த்து மாட்டிக்கொள், ஈரத் தலையோடு வகுப்புக்குப் போகாதே. இங்கே போன வாரம் அடித்த காற்றில் நம் பீக்கன் கொட்டை மரத்தின் பெரிய கிளை முறிந்து பக்கத்து டர்னர் வீட்டுக் கார் கொட்டகை மேல் விழுந்தது, நல்லவேளை கார் வெளியே நின்றது, கிளையை அறுத்து விறகாக அவர்களே வைத்துக்கொண்டார்கள், அதோடு விட்டது. அப்பாவுக்கு வலது முட்டி வலி அப்படியே இருக்கிறது, பள்ளி பஸ்ஸில் நாள் முழுக்க பிரேக் மிதிக்கிற கால் வேறு எப்படி இருக்கும், டாக்டரிடம் போங்கள் என்றால், அம்பது பிள்ளைங்க பின்னால கத்துற கத்துல முட்டி கத்துறது எனக்குக் கேக்கவே இல்ல என்கிறார். அவரை நீதான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், என் பேச்சு இந்த வீட்டில் எடுபடுவதில்லை.

ஆனால் இதெல்லாம் சொல்வதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. சுற்றி வளைத்துக்கொண்டே போனால் நாலு பக்கம் தீர்ந்தும் விஷயத்துக்கு வரமாட்டேன், என்னை எனக்குத் தெரியும், அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். டேவியா, நீ அந்தத் தேநீர் விருந்தில் பட்ட அவமானத்தையும் அப்புறம் குளியலறையில் அழுததையும் இன்டர்நெட்டில் எழுதியது உன் அறையில் கூட இருக்கிற ராக்கெல் இல்லை, நான். அந்தப் பெண்ணுக்கும் இதற்கும் கடுகளவு சம்பந்தம் கிடையாது. இந்த இடத்தில் கடிதத்தைக் கசக்கி எறிய வேண்டும்போல இருந்தால் எறி, ஆனால் திரும்ப எடுத்து நீவிப் படித்து முடி, ஏனென்றால் மார்ச் முதல் தேதி உனக்கு வேறு அறை தருகிறார்கள் என்று சொன்னாய், அதற்குள் நீ முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், சனிக்கிழமை உன் கையில் இருக்கும் என்று தபால் ஆபீஸில் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். மூன்று தடவை முயன்றேன். போன ஞாயிறு நீ, அம்மா லைன்ல இருக்கியா, ஏன் ஒண்ணும் பேசல என்று கேட்டபோது நான் அடுப்பில் கீரை பொங்கி வழிகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன் இல்லையா, அடுப்பில் அன்றைக்குக் கீரையும் இல்லை ஒன்றும் இல்லை, அப்பா வெளியிலிருந்து வாங்கி வந்த கோழியைத்தான் சாப்பிட்டோம், அதுவும் எனக்கு இறங்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. நான் மாவட்டக் கோர்ட்டில் பத்திரப் பதிவு அறையில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டுகிறவள், வாய்ச்சொல் எதற்கும் சாட்சி ஆகாது என்று எனக்குத் தெரியும். அம்மா போன்ல சொன்னாங்க என்று நீ போய்ச் சொன்னால் ராக்கெல் நம்ப வேண்டும் என்று கட்டாயமா. தாளில் இருந்தால், கையெழுத்து இருந்தால், நீட்டிக் காட்டலாம்.

எல்லாம் எங்கே தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன், போன ஆகஸ்டில் தொடங்கியது. காலேஜ்ல நம்ம பொண்ணுங்க சேர்ந்து நடத்துற அந்தச் சகோதரிச் சங்கத்துல சேரணும்னு ஆசையா இருக்கும்மா, அவங்களா பாத்துத்தான் ஆளை எடுப்பாங்க என்று நீ கார் டிக்கியில் பெட்டியை ஏற்றிக்கொண்டே சொன்னாய். (சங்கத்தின் பெயரை இந்தக் கடிதத்தில் நான் எழுதப் போவதில்லை, கை சுட்ட பிறகுதான் புத்தி வந்திருக்கிறது, நாம் இருவரும் அறிவோம், போதும்.) நீ இங்கிருந்து கிளம்பி ஒரு மணி நேரத்தில் நான் உன் பழைய லேப்டாப்பைத் திறந்துவிட்டேன். நான் போனது வேலை பார்க்கிறவர்களுக்கு இரவு வகுப்பு நடத்துகிற இரண்டு வருடக் கல்லூரி, அங்கே சங்கமும் இல்லை சகோதரியும் இல்லை, வகுப்பு முடிந்தால் பஸ் பிடித்து ஓடத்தான் நேரம். அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது, தெரியாததைத் தேடித் தெரிந்துகொள்வதுதானே என் பிழைப்பு. எந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, அவருடைய தாத்தா யாரிடம் வாங்கினார், நடுவில் யார் ஏமாற்றினார் என்று ஆளைப் பார்க்காமலே சொல்கிறவள் நான். சங்கத்தைத் தொடங்கிய பெண்கள் யார் யார், எந்த ஆண்டு, என்ன பூ, என்ன நிறம், எந்தக் கிளையில் எத்தனை பேர், உங்கள் கிளையில் ஆறே பேர்தான் என்பது வரைக்கும் எடுத்து, அச்சிட்டு, நிறம் நிறமாகச் சீட்டு ஒட்டி, செங்கல் கனத்துக்கு ஒரு ஃபைல் செய்தேன். உன் அப்பா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு பொண்ணு போய் இன்னொரு பொண்ணுக்கு ஹலோ சொல்றதுக்கு இவ்வளவு எடையா, இதுக்கு வேற பெட்டி வாங்கணும்டி என்றார். எனக்குக் கோபம் வந்தது. பெற்றவனுக்கு அக்கறை இல்லை என்று இரண்டு நாள் பேசவில்லை. அவர் சொன்னது சரி என்று எழுத இன்னும் கை வரமாட்டேன் என்கிறது, நீயே புரிந்துகொள்.

அந்த ஃபைலில் ஊதாச் சீட்டு ஒட்டின பக்கத்தில்தான் அந்த நாலு வார்த்தை வாழ்த்து இருந்தது. சங்கத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் சொல்வது என்று போட்டிருந்தது. நான்தான் கிறிஸ்துமஸ் விடுமுறையில் உன்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, இதைச் சொன்னால் நம்ம பொண்ணு எவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கான்னு அவங்களுக்குச் சந்தோஷமா இருக்கும் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். நீ அப்போதே தயங்கினாய். இது அவங்களுக்குள்ள சொல்றதோ என்னவோம்மா என்றாய், இன்டர்நெட்டில் எல்லாரும் பார்க்கிற மாதிரி போட்டிருக்கும்போது என்ன ரகசியம் என்று உன் வாயை அடைத்தேன். அது சேர்ந்தவர்கள் மட்டும் சொல்கிற சொல், சேராதவள் சொன்னால் அடுத்தவர் வீட்டில் போய்க் கேட்காமல் கட்டிலில் ஏறிப் படுத்த மாதிரி என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதாத விஷயம்தான் அங்கே முக்கால்வாசி என்று இப்போது தெரிகிறது. ஜனவரியில் அவர்கள் நடத்தின அந்தத் தேநீர் விருந்தில் நீ அந்தப் பெண் சிமோனிடம், கிளைக்குத் தலைவியாக இருப்பவளிடம், சிரித்துக்கொண்டே அதைச் சொன்னாய், ஆறு முகமும் ஒரே நேரத்தில் இறுகிப் போனது, கையில் இருந்த கேக் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெளியே வந்தாய். விடுதிக்கு வந்து குளியலறையில் உட்கார்ந்து அழுதாய், ராக்கெல்தான் கதவுக்கு வெளியே நின்று, வெளிய வாடி, ஒரு வார்த்தைதானே, தலையா போயிடுச்சு என்று கூப்பிட்டாள். இதையெல்லாம் நீ அன்று சாயங்காலம் எனக்குப் போனில் சொன்னாய். உன் அம்மாவிடம் சொன்னாய்.

நான் போனை வைத்ததும் என்ன செய்தேன் தெரியுமா. பதறிவிட்டேன். நான் கற்றுக்கொடுத்ததால் வந்த வினை, நானே சரிசெய்ய வேண்டும் என்று தோன்றியது. இந்த மாதிரிச் சங்கங்களைப் பற்றிப் பேசுகிற ஒரு இன்டர்நெட் குழுவில் போய், கவலைப்படும் தாய் என்று ஒரு பொய்ப் பெயர் வைத்துக்கொண்டு எழுதினேன். நம் சர்ச்சில் புதன்கிழமை ஜெப விண்ணப்பச் சீட்டு எழுதுவோமே, அந்தப் பழக்கம் எனக்கு. முப்பது வருடமாக அந்தச் சீட்டில் நான் ஒன்றை விட்டதில்லை, எந்த ஆஸ்பத்திரி, எத்தனையாவது மாடி, எந்தக் கால், எந்த டாக்டர் என்று எல்லாம் போடுவேன், கர்த்தருக்கு விலாசம் சரியாக இருக்க வேண்டாமா. அதே மாதிரி எழுதினேன். மினசோட்டா, நர்சிங் இரண்டாம் ஆண்டு, ஜார்ஜியாவிலிருந்து போனவள், கல்லூரி பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறவள், கிளையில் ஆறு பேர், விருந்தில் இந்த வார்த்தை சொன்னாள், குளியலறையில் அரை மணி நேரம் அழுதாள், இனி அவளுக்கு வழி உண்டா, யாராவது சொல்லுங்கள். உன் பெயரை மட்டும் எழுதவில்லை. அது பெரிய சாமர்த்தியம் என்று நினைத்தேன் கண்ணு. அந்தக் கல்லூரியில் நம் நிறத்துப் பிள்ளைகளே ஒரு கை விரலில் எண்ணுகிற அளவு, அதில் ஜார்ஜியாவிலிருந்து போய் கிளாரினெட் வாசிக்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும்.

ஊரில் தெரிந்தவர்களிடம் கேட்டால் ஊர் முழுக்கப் பரவும், தெரியாதவர்களிடம் கேட்டால் அங்கேயே நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். நடந்தது தலைகீழ். மறுநாள் காலை பார்த்தால் நானூறு பேருக்கு மேல் பதில் போட்டிருக்கிறார்கள். ஒருத்தி, தாயே இதெல்லாம் இங்க வந்து கேக்குற விஷயமா, முதல் பரீட்சையிலேயே அம்மாவும் பொண்ணும் சேர்ந்து பெயில் என்று எழுதியிருந்தாள், அதற்கு இருநூறு பேர் கைதட்டியிருந்தார்கள். ஒருத்தி, சங்கத்துல சேரப் போறது பொண்ணா, நீங்களா என்று கேட்டாள். அதெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். கீழே இறங்கிக்கொண்டே போனபோது ஒருத்தி, மினசோட்டா, கிளாரினெட், ஆறு பேர், இது எந்த இடம்னு எனக்குத் தெரியும், அங்க இருக்கிற தங்கச்சிங்களுக்கு அனுப்பிட்டேன் என்று ஒரே வரி எழுதியிருந்தாள். உடனே அழித்தேன், அதனால்தான் அதை ஒரு தாய் எழுதினாள் என்று நீ பார்க்க வழியில்லாமல் போனது. அழித்து என்ன, பதிவான ஒன்று அழியாது என்று பத்திர அறையில் உட்கார்ந்திருப்பவளுக்கா சொல்லித்தர வேண்டும்.

அப்புறம் நீ பிப்ரவரி பத்தாம் தேதி கூப்பிட்டாய். சாப்பாட்டுக் கூடத்தில் சிமோன் உன் மேசையைத் தாண்டிப் போகும்போது, உன்னப் பத்தி இன்டர்நெட்ல படிச்சோம், குளியலறையில அரை மணி நேரம் அழுதியாமே என்று சொல்லிவிட்டுப் போனாள் என்றாய். நீ சொன்னதை நான் மறக்க முடியாது. நான் அழுதது மூணு பேருக்குத்தான் தெரியும், எனக்கு, உனக்கு, ராக்கெலுக்கு, நீ எழுத மாட்ட, அப்போ அவதானேம்மா என்றாய். நீ எழுத மாட்ட என்று எவ்வளவு சர்வசாதாரணமாகச் சொன்னாய். நான் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். உம் என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை, உம் என்று மட்டும். இரண்டு நாள் கழித்து, அவளும் சேரணும்னு நினைக்கிறா, அதான் என்னைக் கழிச்சுக்கட்டப் பாக்குறா என்று நீ எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினதாகச் சொன்னாய். அவள் உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றாளே தவிர ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை என்று நீயே சொன்னாய், அது உனக்கு இன்னும் கோபமாக இருந்தது. நீ அறை மாற்றித் தரச் சொல்லி எழுதிக்கொடுத்தது வரைக்கும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பது நாள். இந்த ஒன்பது நாளும் நான் வேலைக்குப் போனேன், சர்ச்சுக்குப் போனேன், கோயர் ஒத்திகையில் பாடவும் செய்தேன். பாவத்தை மடியில் கட்டிக்கொண்டு பாடினால் குரல் எப்படி இருக்கும், பக்கத்தில் நின்றவளே திரும்பிப் பார்த்தாள்.

நேற்று அப்பாவுடைய பிரஷர் மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். உனக்கு மிஸ் யுலாலி ஞாபகம் இருக்கும், மருந்துக்கடை வைத்திருப்பவர், சர்ச்சில் மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரம் உட்காருவார், வருடத்தில் ஒரு ஞாயிறு மட்டும் ஊதாக் கோட்டும் வெள்ளி ஊசியும் அணிந்து வருவார், அன்றைக்கு அவரோடு இன்னும் நாலு பேர் அதே நிறத்தில் வருவார்கள். அது நீ சேர ஆசைப்பட்ட அதே சங்கத்து நிறம், ஒரு தடவை சேர்ந்தால் கடைசி வரைக்கும் சகோதரிதான் என்று எனக்கு உன் ஃபைல் செய்யும்போதே தெரியும். ஆனாலும் ஆறு மாதமாக அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் என்று உண்மையைச் சொல்கிறேன், கர்வம். அவரிடம் கேட்டால் கடன்பட்ட மாதிரி ஆகும், நாளைக்கு உன்னை எடுக்காவிட்டால் அவருக்குத் தெரிந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பது. முகம் இல்லாதவர்களிடம் கேட்பது எனக்குச் சுலபமாக இருந்தது. நேற்று கடையில் வேறு யாரும் இல்லை, அவர் மாத்திரையை உறையில் போட்டுக்கொண்டிருந்தார், எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, கவுண்டரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

நான் முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மாசா மாசம் உன் புருஷன் மாத்திரைய நான்தான்மா எண்ணிக் குடுக்குறேன், ஞாயித்துக்கிழமை உன் பாட்ட மூணாவது பெஞ்சுலேருந்து கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், என்னக் கேக்கத் தோணல, நானூறு பேரக் கேட்டிருக்க என்றார். சங்கத்தைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றேன், சொல்ல மாட்டேன், அது எங்க வழக்கம் இல்ல, அந்தப் பிள்ளைங்க முடிவு பண்ண வேண்டியது, இங்கேருந்து நான் ஒரு போன்கூடப் போட மாட்டேன் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார். சரி, இதோடு போகலாம் என்று உறையை எடுத்துக்கொண்டேன். அப்போது கேட்டார், ஏன் அர்லெத்தா, அந்தப் பொண்ணுக்கு அவ்வளவு தூரத்துல யாரும்மா இருக்கா, காய்ச்சல்னா யாரு பாப்பா, அவ தலை முடியை யாரு பின்னி விடுறா என்று. நானூறு பேரில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை டேவியா, மார்க் என்ன, எத்தனை மணி நேரம் தொண்டு செய்தாள் என்றுதான் கேட்டார்கள். நான் வாயெடுத்து, ராக்கெல் என்று ஒரு பொண்ணு, அவதான் முடி பின்னி விடுவா, நவம்பர்ல காய்ச்சல் வந்தப்ப அவதான் கஞ்சி வாங்கிட்டு வந்து குடுத்தா என்று சொல்லிக்கொண்டே வந்தேன், பாதியில் நின்றுவிட்டேன். மிஸ் யுலாலி மாத்திரை உறையை என் கையிலிருந்து வாங்கி, நான் தலைகீழாகப் பிடித்திருந்ததை நேராகத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். எழுதிடு, இன்னிக்கே எழுதிடு என்றார், நேற்றைக்கு எழுதின இரண்டு கடிதமும் குப்பைக்குப் போயிற்று, இது மூன்றாவது. டேவியா, எனக்குப் பயமாக இருக்கிறது. நீ சங்கத்தில் சேராமல் போவாயோ என்று ஆறு மாதம் பயந்தேன், இப்போது அந்தப் பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை. நீ இனிமேல் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டாயோ என்ற பயம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதைவிடப் பெரிய பயம், அந்த ஊரில் உனக்கென்று இருந்த ஒரே பெண்ணையும் என் உம் என்ற ஒரு சத்தம் துரத்திவிட்டதே என்று. இன்னொன்றும் நேற்று ராத்திரி படுக்கையில் உறைத்தது. அந்தச் சங்கத்துக்கு எத்தனை கிளை, எந்த ஆண்டு என்ன தீர்மானம் போட்டார்கள் என்று என்னால் தூக்கத்தில் சொல்ல முடியும், ஆனால் என் மகள் அதில் ஏன் சேர ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரியாது. கார் டிக்கிக்குப் பக்கத்தில் நின்றபோது ஏன் கண்ணு என்று ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம். அங்கே தனியாக இருக்கிறது அம்மா என்று அன்றைக்குச் சொல்லியிருப்பாயோ என்னவோ. சொல்லியிருந்தால் ஃபைலுக்குப் பதிலாக நான் பஸ் ஏறி வந்திருப்பேன்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், அம்மா சொல்கிறாள் என்று செய்ய வேண்டாம், சரி என்று பட்டால் செய். ராக்கெலுக்கு மெசேஜ் அனுப்பாதே, இந்தக் கடிதத்தைப் படம் பிடித்தும் அனுப்பாதே. எழுந்து போய் அவள் எதிரில் நின்று இந்தத் தாளைக் கையில் கொடு, எல்லாப் பக்கத்தையும் கொடு, உன் அப்பாவைப் பற்றி இருக்கிற பக்கம் உட்பட. என் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று எதையும் மடித்து மறைக்காதே. அவள் படித்து முடிக்கிற வரை அங்கேயே நில், அவள் கதவைச் சாத்தினாலும் சாத்தட்டும், சாத்துகிற உரிமை அவளுக்கு இருக்கிறது. அறை மாற்றச் சொன்ன தாளை வாபஸ் வாங்குவதும் வாங்காததும் உங்கள் இருவர் கையில். சிமோனிடம் போய், எழுதினது எங்க அம்மா, அந்த வார்த்தையைக் கத்துக்குடுத்ததும் அவங்கதான் என்று சொல்ல வேண்டும்போல இருந்தால் சொல், சொன்னாலும் அவர்கள் உன்னை எடுத்துக்கொள்வார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது, அங்கே என்ன நடக்கும் என்று தேடிப் பார்க்க எனக்கு இடமும் இல்லை, இனித் தேடப் போவதும் இல்லை. கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தனுப்பின அந்த ஃபைலை என்ன செய்வது என்று உனக்கே தெரியும், உன் அறை ஜன்னல் சரியாக மூடாது என்றாயே, முட்டுக் கொடுக்க ஆகும்.

ஞாயிறு நாலு மணிக்கு எப்போதும்போலக் கூப்பிடுவேன். நீ எடுக்காவிட்டால் தப்பாக நினைக்க மாட்டேன், அடுத்த ஞாயிறும் கூப்பிடுவேன், அதற்கு அடுத்ததும். ஏப்ரலில் எனக்கு நாலு நாள் விடுப்பு இருக்கிறது, நீ வரச் சொன்னால் வருகிறேன், சொல்லாவிட்டால் வரமாட்டேன், கேட்காமல் ஒருத்தர் வீட்டுக் கட்டிலில் ஏறிப் படுக்கக் கூடாது என்று இப்போது எனக்கும் தெரியும். கர்த்தர் உன்னை உட்காரும்போதும் எழும்போதும் காக்கட்டும், உனக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்த கையையும் அவர் காக்கட்டும், அந்தப் பிள்ளையின் பெயரை நேற்று புதன் ஜெபத்தில் நினைத்துக்கொண்டேன், சீட்டில் எழுதவில்லை. சாக்ஸை மறக்காதே. இதோடு வருகிற பொட்டலத்தில் பீக்கன் மிட்டாய் இரண்டு டப்பா இருக்கிறது, ஒன்று உனக்கு, ஒன்றின் மேல் வேறு பெயர் எழுதியிருக்கிறேன், பார்த்துக் கொடுத்துவிடு.

நானே நோட்டரியாக இருந்தாலும் என் கையெழுத்துக்கு நானே முத்திரை போடக்கூடாது என்று சட்டம், அதனால் அப்பாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். அங்கே பெயர் போடாமல் எழுதினேன், இங்கே போட்டு எழுதுகிறேன்.

எழுதியது நான்தான்,
உன் அம்மா
அர்லெத்தா மே விட்லோ

சாட்சி: முழுக்கப் படித்தேன், எல்லாம் உண்மை. இவள் அன்றைக்கு அதை எழுதும்போது நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. அதையும் அந்தப் பெண்ணிடம் சொல். முட்டிக்கு டாக்டரிடம் போகிறேன்.
அப்பா, வெர்னன் விட்லோ